ஜன்னலக்காவும் இரேத்தியின் காதுகளும்

ஒரு பொம்பளை என்கிட்ட தலையைக் குடுத்தாப் போதும், அவ வீட்டு விஷயம் பாதி எனக்குத் தெரிஞ்சிரும். லேகோஸ்ல முஷின் பேட்டையில, லாரி நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்துல, வருஷக்கணக்கா முடி பின்னுறேன். யாருக்குக் கவலையில கொத்துக் கொத்தா முடி கொட்டுது, யாரு உச்சந்தலையில புருஷன் அடிச்ச தழும்பு இருக்கு, யாரு காது எப்படி இருக்கும், எல்லாம் என் விரலுக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன், இரேத்தியோட காதைப் பத்திப் பேச இந்த லேகோஸ்ல எவளுக்கும் யோக்கியதை கிடையாது. அந்தக் காதை முதல் முதலா பார்த்தவங்கள்ல நானும் ஒருத்தி.

அந்தப் பிள்ளை பொறந்தப்பவே ரெண்டு காதும் கதவைத் திறந்து வெச்ச மாதிரி விரிஞ்சு நின்னுச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருந்த அவ அம்மா அடுன்னி என்னைப் பார்த்துச் சிரிச்சா.

"பூன்மியம்மா அக்கா, பாருங்களேன், அப்படியே எங்கப்பா காது! மனுஷன் செத்தும் விடல."

அவங்கப்பா அவ கல்யாணத்துக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்தவர். புருஷன் பாங்கோலே மாமனாரைப் பார்த்ததே இல்ல. வீட்டுல ஒரே ஒரு போட்டோ மாட்டியிருக்கும். அதுல அவர் நாய்க்காது குல்லா போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். ரெண்டு பக்கமும் மடல் தொங்குமே, நம்ம ஆம்பளைங்க விசேஷத்துக்குப் போடுற குல்லா, அது. அந்த மனுஷன் மடலை நல்லாக் கீழே இழுத்து விட்டிருந்தார். காதைப் பத்திக் கூச்சமாம். அடுன்னி அதை அப்ப ஒரு தமாஷாத்தான் சொன்னா.

பாங்கோலேக்கு வேலை கடல்ல, எண்ணெய் எடுக்குற மேடையில. பாதி மாசம் அங்க, பாதி மாசம் இங்க. அதிர்ந்து பேசமாட்டான். வரும்போது காய்ஞ்ச மீன் ஒரு கட்டு கொண்டு வருவான், எனக்கும் ரெண்டு தருவான். மகளைத் தோள்ல இருந்து இறக்கவே மாட்டான். அவன் இல்லாத நாள்ல அடுன்னிக்கு வீடு வெறிச்சோன்னு கிடக்கும். அப்பதான் சமைக்கிறதை எல்லாம் எழுத ஆரம்பிச்சா. "அடுன்னி அடுப்பு"ன்னு ஒரு பிளாக்.

அதுல பெரிய சீமாட்டித்தனம் ஒண்ணும் கிடையாது. வெள்ளைத் தட்டு, பூ அலங்காரம் எதுவும் இருக்காது. அடி பிடிச்ச சட்டியையும் போட்டோ எடுத்துப் போடுவா. "இன்னைக்கு மடிச்சு அவிச்ச மொய்மொய் இலையைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துருச்சு, என் மாமியாருக்கு மட்டும் சொல்லிராதீங்க"ன்னு எழுதுவா. லண்டன்ல படிக்கப் போன பசங்க, அம்மா பக்கத்துல இல்லாத புதுப் பொண்ணுங்க, எல்லாம் அவகிட்ட சந்தேகம் கேப்பாங்க. ஒருத்தரையும் விடாம பதில் சொல்லுவா. இரேத்தி பொறந்தநாளுக்குத் தானே செஞ்ச கேக்கோட மகளையும் நிக்க வெச்சு ஒரு போட்டோ போட்டா. எவ்வளவு வாழ்த்து வந்துச்சு தெரியுமா! அந்தப் போட்டோவை அவ போடாம இருந்திருக்கலாம். போட்டது தப்பா? தப்பே இல்ல. எந்த அம்மாதான் போடமாட்டா?

அவளை மாதிரி எழுதுற பொம்பளைங்க ஒரு பதினஞ்சு இருபது பேர் சேர்ந்து ஒரு கூட்டம் வெச்சிருந்தாங்க. தையல், தலைமுடி, பிள்ளை வளர்ப்புன்னு ஆளுக்கு ஒண்ணு எழுதுவாங்க. மாசம் ஒருக்கா யாராவது வீட்டுல கூடி ஜொல்லோஃப் சோறு சாப்பிட்டுச் சிரிச்சுட்டு வருவாங்க. அதுல ஒருத்திதான் பேஜு. முதல்ல அவ கைக்குழந்தைக்கு வயித்துவலி வந்தா என்ன பண்ணணும்னு எழுதிட்டிருந்தா. ஈ, காக்கா எட்டிப் பார்க்கல. ஒருநாள் சினிமாக்காரி மோனிசோலா கையில கல்யாண மோதிரத்தைக் காணோம்னு எழுதினா பாருங்க, கூட்டம் கொட்டிருச்சு. அன்னையிலருந்து அவ பேஜு இல்ல, ஜன்னலக்கா. தினம் மத்தியானம் ஒரு போஸ்ட். யாரு வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்த்தாளோ, அந்தக் கதை.

என் கடையிலயும் படிப்பாங்க. தலைக்குச் சூடு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவ சத்தம் போட்டுப் படிப்பா, மத்தவங்க கேப்பாங்க. வேர்க்கடலை கொறிக்கிற மாதிரிதான் அது. மோனிசோலா யாரு, அவ புருஷன் பாட்டுக்காரன் லாடி தண்டர் யாரு, நமக்கு என்ன உறவா, பகையா? அவங்களுக்கு மதில் உண்டு, நாய் உண்டு, வக்கீல் உண்டு.

அப்புறம் மோனிசோலாவுக்குக் கரு கலைஞ்சுபோச்சு. ஜன்னலக்கா ரெண்டு போட்டோவைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, "வயிறு எங்கே போச்சு?"ன்னு எழுதினா. ஊரே கைகொட்டிச் சிரிச்சுது. அதுக்குக் கீழே அடுன்னி ஒரே ஒரு வரி எழுதினா: "அந்தப் பொண்ணையும் ஒரு அம்மாதான் பெத்தா. இதை எடுத்துரு, பேஜு." ஜன்னலக்கான்னு எழுதல. பேஜுன்னு பேரைச் சொல்லி எழுதிட்டா. அவளோட ஒரு வரிக்கு, அந்த போஸ்ட்டை விட அதிகம் பேர் சபாஷ் போட்டாங்க. மறுநாள் மோனிசோலாவோட வக்கீல்கிட்டருந்தும் கடுதாசி வந்துச்சாம். பேஜு போஸ்ட்டை எடுத்துட்டா.

அந்த மாசக் கூட்டத்துல பேஜு சிரிச்ச முகமா வந்து அடுன்னி தட்டுல பெரிய கறித்துண்டு ஒண்ணை வெச்சாளாம். "சாப்பிடுடி தங்கம், நல்லா சாப்பிடு. ஊருக்கே நல்லவ இல்லையா நீ!"

அடுன்னி இதை என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல. "அந்தக் கறியைத் தின்னியா?"ன்னு கேட்டேன்.

"தின்னேன் அக்கா. நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் வந்துச்சு. எங்க கல்யாணம் எப்படின்னா, பொண்ணு வீட்டுல ஒரே துணியைத் தேர்ந்தெடுத்து, வேண்டியவங்க எல்லாருக்கும் அதையேதான் தருவாங்க. இருநூறு பொம்பளை ஒரே நிறத்துல வந்து நிப்பாங்க. துணி ஒண்ணுதான், ஆனா தையல் அவங்கவங்க இஷ்டம். போட்டியே அதுலதான். இந்தத் தடவை கத்திரிப்பூ நிற லேஸ், தலைக்குக் கட்டப் பொன்னிறத் துணி. அடுன்னி தையல்காரர் சிக்கிருகிட்ட குடுத்து முதுகுல கழுத்துலருந்து இடுப்பு வரைக்கும் பொடிப்பொடி பொத்தான் வரிசையா வெச்சுத் தெச்சா. ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுப் பார்த்து, முதுகைக் காட்டிப் போட்டோ எடுத்து பிளாக்ல போட்டா. "இதைப் போட்டுக்கிட்டு இனிமே சாய்ஞ்சு உட்கார முடியாது, நின்னுக்கிட்டேதான் சாப்பிடணும்"ன்னு ஒரு வரியும் எழுதினா.

கல்யாணத்தன்னைக்கு இரேத்தியை என்கிட்ட விட்டுட்டுப் போனா. மத்தியானமே பிள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சுது, நான் போன் பண்ணினேன், அவ சாப்பாட்டைக் கூட முடிக்காம ஓடி வந்துட்டா. அந்தப் பொத்தானை எல்லாம் கழட்டிவிட்டது நான், என் கையால. லாடி தண்டர் அந்தக் கல்யாணத்துல பாட வந்ததே சாயங்காலம் விளக்கு வெச்சப்புறம்.

நாலு நாள் கழிச்சு ஜன்னலக்கா ஒரு போட்டோ போட்டா. லாடி தண்டர் கார்க் கதவைத் திறந்து பிடிச்சிருக்கான். அவன் இன்னொரு கை ஒரு பொம்பளை இடுப்புல. அவ முகம் தெரியல, முதுகு மட்டும்தான். கத்திரிப்பூ லேஸ், பொன்னிறத் தலைக்கட்டு, வரிசையாப் பொடிப் பொத்தான். கீழே எழுதியிருந்தா: "ஊருக்கெல்லாம் சமைக்கக் கத்துக் குடுக்கிறவ, மோனிசோலா வீட்டு அடுப்புல கையை வெச்சிருக்கா. யாருன்னு நான் சொல்லமாட்டேன்ப்பா. நீங்களே கண்டுபிடிங்க!"

என் கடையில அஞ்சு பேர் இருந்தாங்க. படிச்சவ பேரு ரிஸிகா, சந்தையில தக்காளி விக்கிறவ. படிச்சு முடிச்சதும் ஒருத்தி மெதுவா, "அந்தப் பொத்தான்..."னு இழுத்தா.

"வாயை மூடு"ன்னேன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே அக்கா. பொத்தான்னுதானே சொன்னேன்."

என் கடையில வாயை மூட வைக்க முடிஞ்சது. வெளிய முடியுமா? சாயங்காலத்துக்குள்ள அடுன்னி பேர் வெளிய வந்து, ரெண்டு முதுகு போட்டோவும் பக்கத்துல பக்கத்துல வந்துருச்சு. மோனிசோலா வயித்தை வெச்ச மாதிரியே வெச்சிருந்தாங்க. அதே ஆளுங்க, அதே கமென்ட், பேரை மட்டும் மாத்திட்டாங்க.

அடுன்னி முதல்ல சிரிச்சா. நான் அங்க இல்லவே இல்ல, பிள்ளைக்குக் காய்ச்சல், வேணும்னா பூன்மியம்மாவைக் கேளுங்கன்னு எழுதினா. "தப்புப் பண்ணலேன்னா எதுக்கு இவ்வளவு பதறுற?"ன்னு கேட்டாங்க. சரின்னு பேசாம இருந்தா. "பார்த்தீங்களா, வாயடைச்சுப் போயிட்டா"ன்னாங்க. நான் என் பேரைப் போட்டு எழுதினேன். "நீ அவ கூட்டாளி, அப்படித்தான் சொல்லுவ. எவ்வளவு வாங்கின?"ன்னு ஒருத்தன் கேட்டான். என் மகன் வயசு இருப்பான் அந்தப் பய!

நான் தையல்காரர் சிக்கிருவைப் போய்ப் பிடிச்சேன். அந்த ஆள் தலையைச் சொறிஞ்சார். "அம்மா, அந்த போட்டோவைக் காட்டி இதே முதுகு வேணும்னு எத்தனை பேர் வந்தாங்கன்னு எனக்கே ஞாபகமில்ல. என்கிட்ட மட்டுமே நாலஞ்சு பேர். மத்த தையல்காரங்ககிட்ட எவ்வளவோ."

இது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. நல்ல தையலைப் பார்த்தா போன்ல பிடிச்சு வெச்சுக்கிட்டு நேரா தையல்காரர்கிட்ட ஓடாத பொம்பளை யாரு? எல்லாருக்கும் தெரியும், ஆனா அன்னைக்கு எல்லாருக்கும் மறந்துபோச்சு. சிக்கிரு நல்ல மனுஷன், வந்து தன் வாயால வீடியோவுல சொன்னார். ஒருத்தரும் கேக்கல. அதுக்கு அடுத்த வாரம் அவர் கடையில கூட்டம். "புருஷன் பறிச்ச முதுகு" தெச்சுத் தரச் சொல்லி வந்து நிக்கிறாளுங்க! அந்தத் தையலுக்குப் பேரே அப்படி ஆயிருச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மிஷினைத் தூக்கிச் சாக்கடையில போட்டிருப்பேன்.

சரி, இது ரெண்டு வாரத்துல அடங்கிரும்னு நினைச்சேன். பாங்கோலே கடல்லருந்து போன் பண்ணி, "விடு அடுன்னி, எனக்கு உன்னைத் தெரியாதா?"ன்னுதான் சொன்னான். அவளுக்கு அது போதுமா இருந்துச்சு. சமைச்சா, சாப்பிட்டா. "அவர் நம்புறார் அக்கா, மத்தவங்க எக்கேடு கெட்டா எனக்கென்ன?"ன்னு என்கிட்ட சொன்னா.

அப்பதான் எவளோ ஒருத்தி அந்தப் பொறந்தநாள் கேக் போட்டோவை எடுத்தா. கேக்கை வெட்டித் தள்ளிட்டு, இரேத்தி மூஞ்சியை மட்டும் வெச்சா. பக்கத்துல லாடி தண்டர். அவனுக்கும் கொஞ்சம் தூக்கின காது. ரெண்டு காதுலயும் சிவப்பு வட்டம் போட்டு எழுதியிருந்தா: "இந்தக் கதை இப்ப ஆரம்பிச்சதில்ல போலிருக்கே, ஏழு வருஷத்துக் கதை போலிருக்கே!"

அதைப் பார்த்ததும் போனை எடுத்துக்கிட்டு அடுன்னி வீட்டுக்கு ஓடினேன். ஆத்தாடி, பச்சைப் பிள்ளைய்யா அது! அடுன்னி வாசல்ல உட்கார்ந்து மொய்மொய்க்கு ஊற வெச்ச பீன்ஸ் கொட்டையைத் தோல் உரிச்சுட்டிருந்தா. போனைப் பார்த்தா. அப்புறம் பீன்ஸை அப்படியே விட்டுட்டு எழுந்து, பேஜு வீட்டுக்குப் போகணும்னா. நானும் கூடப் போனேன்.

பேஜு எங்களை நல்லாத்தான் உட்கார வெச்சா. குளிர்ந்த சோபோ சர்பத் ரெண்டு கிளாஸ்ல வந்துச்சு. நான் தொடல.

"பேஜு, பிள்ளை போட்டோவை எடுக்கச் சொல்லு"ன்னா அடுன்னி.

"அடிப்பாவி, நானா போட்டேன்? அது ஜனங்க போட்டது. நான் உன் பேரையே ஒரு இடத்துல கூட எழுதலையே. வேணும்னா தேடிப் பாரு."

"நீ ஆரம்பிச்சு வெச்ச."

"நான் ஒரு கேள்வி கேட்டேன். பதில் சொன்னது ஊர். ஊர் வாயை நான் போய் மூட முடியுமா?" அவ கால்மேல கால் போட்டுக்கிட்டா. "இத பாரு, மோனிசோலா எத்தனை வருஷமாத் தாங்குறா? அவளும் பொம்பளைதானே? நாலு பேர் உன் பிளாக்கைப் படிக்கணும்னு ஆசைப்பட்டா, நாலு பேர் பேசத்தான் செய்வாங்க. உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?"

"அவளுக்கு வக்கீல் இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

பேஜு சிரிச்சா. எனக்கு அந்தச் சிரிப்புலயே எல்லாம் விளங்கிருச்சு. மோனிசோலாவைத் தொட்டா இப்பக் கை சுடுது. வக்கீல் இல்லாத ஆளா ஒண்ணு வேணும், தினம் மத்தியானம் அடுப்புல ஏத்த. கூட்டாளியா இருந்தா இன்னும் வசதி, வீடு வாசல் எல்லாம் தெரிஞ்சிருக்கும்.

"வேணும்னா உன்னை ஒரு பேட்டி எடுக்கிறேன்"னா பேஜு. "நீயும் அழு, குழந்தையையும் மடியில வெச்சுக்கோ. ஜனங்க மனசு மாறிரும்."

"உன் நாக்கு அழுகிப் போகும்டி!"ன்னு கத்திட்டேன். வேற என்ன பண்ணத் தோணும்? அடுன்னி என் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தா. மறுநாள் ஜன்னலக்கா எழுதினா: "நேத்து ரெண்டு பேர் என் வீட்டுக்கு வந்து மிரட்டினாங்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு காரணம்னு உங்களுக்குத் தெரியும்."

அதுக்கப்புறம் தெருவே ஒரு மாதிரி ஆயிருச்சு. மோட்டார்பைக் பசங்க அடுன்னி வீட்டுத் தகரக் கதவுகிட்ட வந்ததும் லாடி தண்டர் பாட்டைச் சத்தமா வெச்சுட்டுப் போவாங்க. முன்பின் தெரியாத ரெண்டு பொம்பளைங்க ஒருநாள் என் கடைக்கு வந்து, பின்னல் என்ன விலைன்னு கேட்டுக்கிட்டே, அங்க உட்கார்ந்து படம் வரைஞ்சுட்டிருந்த இரேத்தி பக்கத்துல போய்க் குனிஞ்சு பார்த்தாங்க. போன் கையில தயாரா இருந்துச்சு. சீப்பை ஓங்கினேன் பாருங்க, ஓட்டமா ஓடினாங்க. பிள்ளை என்னைப் பார்த்து, "அவங்க யாரு பெரியம்மா?"ன்னுச்சு.

இதுல கடைசி கத்தியைச் செருகினது அந்தப் பாட்டுக்காரன்தான். புதுப் பாட்டு வெளிவர்ற நேரம் அவனுக்கு. ரேடியோவுல கேட்டாங்க, "அந்த அடுப்புக்காரி விஷயம் உண்மையா?"ன்னு. இல்லன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியது. அந்தப் பொம்பளையை நான் கண்ணால பார்த்ததே இல்லன்னு ஒரு வார்த்தை. அவன் என்ன பண்ணினான்? சிரிச்சான். நல்லா வயிறு குலுங்கச் சிரிச்சுட்டு, "நல்ல சமையலை யாருதான் வேண்டாம்பாங்க?"ன்னான். நட்சத்திரத்துக்கு வதந்தி வந்தா பாட்டு ஓடும். அடுன்னிக்கு வந்தா?

பாங்கோலே அதைக் கடல்ல, எண்ணெய் மேடைச் சாப்பாட்டுக் கூடத்துல, கூட வேலை செய்யுற அத்தனை பேர் நடுவுலயும் கேட்டிருக்கான்.

அவன் வர்ற வாரம் இல்ல அது. நான் கடை வாசல்ல இரேத்திக்குப் பின்னிட்டிருந்தேன். பள்ளிக்கூடத்துல வாரா வாரம் ஒரு பின்னல் சொல்லி அனுப்புவாங்க, எல்லாப் பிள்ளைகளும் அதேதான் பின்னிட்டு வரணும். பாதித் தலைதான் முடிஞ்சிருந்துச்சு. தோள்ல பையோட பாங்கோலே வந்து நின்னான். மீன் கட்டு இல்ல. பிள்ளை, "அப்பா!"ன்னு துள்ளிச்சு. அவன் தூக்கல. முன்னால குத்த வெச்சு உட்கார்ந்தான். அவ தாடையைப் பிடிச்சு வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான். காதை ரெண்டு விரலால பிடிச்சான். லேசா மடக்கினான், விட்டான், மறுபடி பார்த்தான். அப்புறம் இன்னொரு காது.

"குளிச்சிட்டேன்ப்பா"ன்னுச்சு இரேத்தி. "காதுக்குள்ள கூட சோப்பு போட்டேன்."

அவன் கையை எடுத்துட்டான். நான் தலை நிமிர்ந்தேன். சந்து நடுவுல அடுன்னி நின்னுட்டிருந்தா, மகளுக்குக் கஞ்சிக் கிண்ணத்தோட. எல்லாத்தையும் பார்த்திருந்தா.

"என்ன பார்த்தீங்க?"ன்னு கேட்டா.

"ஒண்ணுமில்ல."

"யாரு காதுன்னு பார்த்தீங்களா?"

"அவன் சிரிச்சான், அடுன்னி. ரேடியோவுல. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"அவன் சொல்லணுமா? நான் சொன்னது பத்தாதா உங்களுக்கு?"

அவன் தரையைப் பார்த்துக்கிட்டே, "உங்கப்பா போட்டோவைக் காட்டு"ன்னான். அவ வீட்டுக்குப் போனா. கொண்டு வந்து அவன் கையில குடுத்தா. அதே போட்டோ, அதே நாய்க்காது குல்லா, ரெண்டு மடலும் கீழே. அவன் அதை வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்தான்.

"காது தெரியலையே."

சத்தியமாச் சொல்றேன், அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலா அவன் அவளை அடிச்சிருந்தாக் கூடத் தேவலாம்.

டிஎன்ஏ பரிசோதனை பண்ணிரலாம்னான். இப்ப எல்லா ஆம்பளைக்கும் அந்த வியாதி வந்திருக்கு. நான் விடல. "ஏண்டா, பொறந்த அன்னைக்கு இதைத் தூக்கிட்டு வார்டு வார்டா ஆடினியே, அப்ப இந்தக் காது இல்லையா?"ன்னு கேட்டேன்.

"ஊர் வாயை அடைக்கத்தான் அக்கா."

"ஊர் வாயையா, உன் வாயையா?"

அடுன்னிதான் சொன்னா, "பண்ணட்டும் அக்கா"ன்னு. குரல்ல கோவமே இல்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. இரேத்தி வாய்க்குள்ள பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தாங்க. காய்ச்சலுக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்களாம். "எனக்குக் காய்ச்சலே இல்லையே பெரியம்மா"ன்னு என்கிட்ட வந்து சொல்லுச்சு.

பதில் வர்ற வரைக்கும் அடுன்னி என்கிட்ட தலையைக் காட்ட வந்தது ஒரே தடவை. சீப்பு நிறைய முடி வந்துச்சு. நான் அதைச் சுருட்டி மடியில மறைச்சுக்கிட்டேன். அவ கண்ணாடியில பார்த்துட்டா. "மறைக்காதீங்க அக்கா, எனக்குத் தெரியும்"ன்னா.

ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சு. அவன் பிள்ளைதான். வேற யாரு பிள்ளையா இருக்கும்? பாங்கோலே தெருவுல நின்னு ஆடினான், அழுதான், கோழி ரெண்டு வாங்கிட்டு வந்தான், என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஆஸ்பத்திரி சொன்னதை எல்லாம் வீடியோவுல பேசி, அடுன்னி பிளாக்லயே போட்டுட்டான். இவதான் என் மகள், இவ காதைப் பத்தி இனிமே எவனாவது பேசினான்னா பாருன்னு.

அடுன்னி அதைப் பார்த்தா. "என் அடுப்புல இதையா ஏத்தினீங்க?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா.

அதுக்குக் கீழே என்ன வந்துச்சுங்கிறீங்க? "எந்த ஆஸ்பத்திரி?" "எவ்வளவு குடுத்தாங்க?" "புருஷன் பாவம், ஏமாந்த சோணகிரி." ஜன்னலக்கா மத்தியானம் எழுதினா: "நல்ல செய்தி! ஒரு குழந்தை தப்பிச்சிருச்சு. ஆனா கண்ணுங்களா, அந்த முதுகு யாரோடது?" அடுத்த வாரமே அவ கூட்டத்துல வேற ஒருத்தியைப் பிடிச்சுட்டா, பிள்ளை வளர்ப்பு பத்தி எழுதுற பொண்ணு. என் கடையில ரிஸிகா போனை எடுத்தா. "வெளிய போய்ப் படி"ன்னேன். போய் வாசல்ல நின்னு படிச்சா. ரெண்டு பேர் எழுந்து அவகூடப் போனாங்க. அந்த முதுகு யாரோடதுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அடுன்னி வீட்டை விட்டுப் போகல. புருஷனுக்குச் சோறு போடுறா, துணி துவைக்கிறா, விருந்தாளிகிட்டப் பேசுற மாதிரி மரியாதையாப் பேசுறா. அவன் ஏதாவது தமாஷ் சொன்னா, "அப்படியா"ன்னு கேட்டுக்கிறா. பிளாக்கை மூடிட்டா. லண்டன்லருந்து ஒரு பையன் எனக்கு எழுதினான், அடுன்னி அக்காவோட எகுசிக் குழம்பு எப்படிப் பண்றதுன்னு கேட்டுச் சொல்லுங்கன்னு. நான் அவகிட்ட சொல்லவே இல்ல.

போன ஞாயித்துக்கிழமை இரேத்தி தனியா என் கடைக்கு வந்துச்சு. ஸ்டூல்ல ஏறி உட்கார்ந்துச்சு. இந்த வாரத்துப் பின்னல் என்னன்னு கேட்டேன். எல்லாத்தையும் பின்னாடி இழுத்துப் பின்னுறதுன்னுச்சு. அது சுலபம், ஒரு மணி நேரத்துல முடிச்சிரலாம். சீப்பை எடுத்தேன்.

"அப்படி வேண்டாம் பெரியம்மா. ரெண்டு பக்கமும் கீழே தொங்க விடுங்க."

"டீச்சர் திட்டுவாங்களேடி."

"பரவாயில்ல."

"ஏன், பள்ளிக்கூடத்துல யாராவது ஏதாவது சொன்னாங்களா? பேரைச் சொல்லு, நாளைக்கே வர்றேன்."

அது இல்லன்னு தலையை ஆட்டுச்சு. ரெண்டு கையையும் தூக்கி, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுச்சு.

"அப்பா நாளைக்கு வர்றாங்க பெரியம்மா. அதுக்குள்ள மூடிருங்க."

நான் பின்னினேன். நெத்தியிலருந்து ஒவ்வொரு பின்னலா எடுத்து, காதுக்கு மேல விட்டு, கன்னத்தோட தொங்க விட்டேன். முடி பத்தல, கூட முடி சேர்த்துப் பின்னினேன். ஒரு நுனி கூட வெளிய தெரியல. கண்ணாடியைக் குடுத்தேன். பிள்ளை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு. "நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு இறங்கி, வீட்டுக்குப் போயிருச்சு.